பேறுகாலக் காத்திருப்பும் தாய்வீடும்

தலைப்பேறு தாய்வீட்டில் என்பது தமிழகத்தில் எவரும் எழுதி வைக்காத சட்டமாகும். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ பிறந்ததும், பெண்ணைப் பெற்றவர்கள் பலகாரத் தட்டுகளோடு சம்பந்தி வீட்டுக்கு வந்து மகளை அழைத்துக்கொண்டு போவார்கள். இந்துக் குடும்பங்களில் இதனையொட்டி வளைகாப்பு, சீமந்தம் ஆகிய சடங்குகள் உண்டு. முஸ்லிம் குடும்பங்களில் சடங்கின் பெயரும் உருவமும் ஊருக்கு ஊர் மாறும். வீண் செலவென்று ஜும்ஆ மேடைகளில் ஆலிம்கள் அதனைக் கண்டிப்பதும் உண்டு. நாமும் கண்டித்தே வருகிறோம். ஆனால் அந்தப் பயணத்தை எவரும் கண்டித்ததில்லை. புகுந்த வீட்டின் வேலைச் சுமையிலிருந்து சில மாதங்கள் விடுதலை, தன் வலியைக் கூசாமல் எடுத்துச் சொல்லத்தக்க ஒருத்தி, வாய்க்கு வேண்டியதைக் கேட்டால் சமைத்துத் தரும் அடுப்பு ஆகியவற்றை நாடியே வயிற்றுப்பிள்ளைக்காரி தாய்வீடு செல்கிறாள். பேறு நிகழும்வரை அவள் அங்கே காத்திருக்கிறாள்.

இந்தக் காத்திருப்பையே இன்று உலக சுகாதார அறிஞர்கள் ஒரு நிறுவனமாக்கிப் பேசுகின்றனர். மருத்துவமனைக்கு எளிதில் வரமுடியாத கிராமத்துப் பெண், நாள் நெருங்கும்போதே வந்து மருத்துவமனையின் அருகில் தங்கியிருப்பதற்கான விடுதியை அவர்கள் மகப்பேற்றுக் காத்திருப்பு இல்லம் என்கின்றனர். கியூபா நாட்டில் 1962 முதல் இத்தகைய இல்லங்கள் ஏற்பட்டன. எத்தியோப்பியாவின் அத்தாத் என்னும் ஊரில் கத்தோலிக்க சகோதரியர் நடத்தும் மருத்துவமனையில் 1976இல் ஒன்று தொடங்கப்பெற்றது. 1996இல் உலக சுகாதார நிறுவனம் இவ்வில்லங்களின் அனுபவங்களைத் தொகுத்து ஓர் ஆய்வு வெளியிட்டது. இதன் தேவையை உணர்வதற்கு ஒரு செய்தி போதும். பிள்ளை பிறந்தபின் கடுமையான குருதிப்போக்கு ஏற்பட்டால், தாயின் உயிர் இரண்டு மணி நேரத்துக்குள் பிரிந்துவிடக் கூடும். இரண்டு மணி நேரம் என்பது வண்டி கட்டி, ஆள் தேடி, ஓடம் அழைத்துப் புறப்படுவதற்கே போதாத கிராமங்கள் நம் நாட்டில் எத்தனையோ இருந்தன. இன்னும் சில இருக்கின்றன.

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரையுள்ள நிலத்தை அறிந்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. கிழக்கே கடல்; அதற்கு இணையாக மேற்கே பக்கிங்காம் கால்வாய். இரண்டுக்கும் இடையில் மணல் திட்டாகக் கிடக்கும் குறுகிய நிலத்தில் மீனவர் குப்பங்கள். முட்டுக்காட்டில் கழிமுகம், தெற்கே சதுரங்கப்பட்டினத்தைக் கடந்தால் பாலாற்று முகத்துவாரம். உள்நாட்டில் திருக்கழுக்குன்றம், திருப்போரூர் வட்டாரத்து ஏரிப்பாசனக் கிராமங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை இன்றைய உருவத்தைப் பெற்றது 1990களின் இறுதியிலேதான். தமீம் அன்சாரி (ரலி) அவர்களின் தர்கா அமைந்திருக்கும் கோவளம், 18ஆம் நூற்றாண்டில் சஆதத் பந்தர் என்னும் பெயரோடு கப்பல்கள் வந்த துறைமுகம். கப்பல் வந்த ஊர்தான். ஆயினும் அங்கே ஒரு பெண்ணுக்குப் பேறு சிக்கலானால் பெரிய மருத்துவமனைக்குச் சென்னை செல்ல வேண்டும், அல்லது கால்வாய் தாண்டிச் செங்கற்பட்டு செல்ல வேண்டும். செங்கற்பட்டில் மருத்துவக் கல்லூரி தோன்றியதே 1965இல்தான்.

எனினும், தொலைவு ஒன்றே தடையாக இருந்ததா? வரலாறு வேறொரு பதிலைத் தருகிறது. சென்னையில் மகப்பேற்றுக்கென்று அரசு மருத்துவமனை 1844இலேயே ஏற்பட்டுவிட்டது. இன்று எழும்பூரில் இருக்கும் அந்த மருத்துவமனை நாட்டிலேயே பழமையானவற்றுள் ஒன்று. திருவல்லிக்கேணி முஸ்லிம் பெண்ணுக்கு அது எட்டிப்பிடிக்கும் தூரம். ஆனால் அவள் போகவில்லை. கோஷா அனுசரித்த பெண்கள் வீட்டின் உள்ளறையிலேயே மருத்துவச்சியின் கையில் பெற்றார்கள். சிக்கல் நேர்ந்தால் அந்த அறையிலேயே மாண்டார்கள். எட்டடியில் மருத்துவமனை இருந்தும் அதன் வாசல் அவர்களை நோக்கித் திறந்திருக்கவில்லை.

இதனை உணர்ந்த முதல் ஆங்கிலேயர்களுள் எட்வர்டு பால்ஃபர் என்னும் மருத்துவர் குறிப்பிடத்தக்கவர். சென்னையில் 1850ஆம் ஆண்டளவில் முகமதியர் பொது நூலகம் தோன்றத் துணைநின்றவர் இவரே என்பதால் நம் வாசகர்க்கு இவர் அந்நியரல்லர். உர்தூ மொழியை நன்கறிந்த இவர், பேறுகால மருத்துவ நூலொன்றை ஆங்கிலத்திலிருந்து அம்மொழியில் பெயர்த்தார். தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளிலும் அதனை வெளிவரச் செய்தார். பின்னர், 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களுக்குத் தன் கதவைத் திறந்தபோது அதற்கு ஆதரவாக நின்றவரும் அவரே. அவ்வாண்டு சேர்ந்த நான்கு பெண்களில் ஒருவர் மேரி ஷார்லீப். சென்னையில் வழக்கறிஞராயிருந்த கணவரோடு 1866இல் இந்நாட்டுக்கு வந்தவர். ஆண் மருத்துவர் முன் வர இசையாத கோஷாப் பெண்கள் பேறுகாலத்தில் படும் துன்பங்களைக் கேட்டறிந்தே அவர் மருத்துவம் கற்க முனைந்தார். இங்கே தேர்ச்சி பெற்று, இலண்டன் சென்று பட்டம் பெற்று, 1883இல் திரும்பினார். 1885இல் சாதி இந்துப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமாக விக்டோரியா அரசியின் பெயரால் ஒரு மருத்துவமனையை நுங்கம்பாக்கத்தில் நிறுவினார். வேங்கடகிரி மன்னர் வழங்கிய ஓர் இலட்சம் ரூபாய் நன்கொடையோடு அது பின்பு சேப்பாக்கத்தில் நிலையான கட்டடம் பெற்றது. விடுதலைக்குப் பின் கஸ்தூரிபா காந்தியின் பெயர் சூட்டப்பெற்றும், இன்றளவும் அப்பகுதி மக்களின் நாவில் அது கோஷா ஆஸ்பத்திரிதான்.

அந்தப் பெயரை நாம் பழைமையின் எச்சமாக எண்ணி ஒதுக்கிவிடலாகாது. பெண்களே பெண்களுக்கு மருத்துவம் பார்க்கும் ஓரிடம் என்று தெரிந்ததும், அதுவரை வாசற்படி தாண்டாதிருந்த குடும்பங்களின் பெண்கள் அங்கே வந்தார்கள். கோஷாவைக் கைவிட்டு வா என்று அவர்களிடம் எவரும் சொல்லவில்லை. கோஷாவோடு வா என்றார்கள், வந்தார்கள். ஊரகப் பெண்கள் ஏன் மருத்துவமனையை நாடுவதில்லை, காத்திருப்பு இல்லங்கள் ஏன் சில இடங்களில் வெறிச்சோடிக் கிடக்கின்றன என்று இன்று கேட்கப்படும் வினாவுக்குச் சேப்பாக்கத்துக் கட்டடம் நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன்பே பாதி விடையைத் தந்திருக்கிறது.

சென்னையில் இது நிகழ்ந்த சில ஆண்டுகளுக்குள், செங்கற்பட்டுக்குத் தெற்கே அதே பெருஞ்சாலையில் உள்ள திண்டிவனத்தில் மற்றொரு செய்தி நிகழ்ந்தது. அமெரிக்க மிஷன் மருத்துவர் ஒருவரின் மகளான ஐடா ஸ்கடர் அங்கே தம் நோயுற்ற தாயைக் கவனித்துக்கொண்டிருந்தார். 1890களின் முற்பகுதி, ஓர் இரவு மூன்று ஆடவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறொரு மேற்சாதி இந்து. மூவருடைய மனைவியரும் பேற்றில் தவித்துக்கொண்டிருந்தனர். தம் தந்தையார் மருத்துவர். அவர் வருவார் என்று ஐடா கூறினார். ஆண் பார்ப்பதற்கில்லை என்று மூவரும் மறுத்துத் திரும்பினர். விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடில்லை. அந்த இரவே ஐடாவை மருத்துவம் கற்கச் செய்தது. 1899இல் பட்டம் பெற்று மீண்டு வந்தவர், 1902இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவமனையைத் திறந்தார்; 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்று உலகறிந்த வேலூர் மருத்துவக் கல்லூரியின் வேர் திண்டிவனத்து அந்த இரவில் இருக்கிறது.

இந்நிகழ்ச்சியைச் சொல்பவர்கள் மூன்று ஆடவர்களையும் ஒரே தட்டில் வைத்துச் சொல்வார்கள். நாம் நம்மவரைப் பற்றி மட்டும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். நெருக்கடி நேரும்போது விலக்கப்பட்டதும் ஆகுமாகும் என்பது ஃபிக்ஹு நூலோர் அனைவரும் ஒப்பிய விதி. பெண் மருத்துவர் இல்லாத இடத்தில், உயிருக்கு ஆபத்து நேர்ந்த வேளையில், ஆண் மருத்துவர் தேவையான அளவுக்குப் பார்ப்பதற்கு மார்க்கத்தில் தடையில்லை. ஓதும் பிள்ளைகள் ஆரம்ப நூல்களிலேயே படிக்கும் செய்தி இது. அந்த மனிதரைத் தடுத்தது மார்க்கமன்று. ஊர் என்ன சொல்லும் என்ற அச்சம். பேற்றில் இறப்பவள் ஷஹீதுகளின் கூட்டத்தைச் சேர்ந்தவள் என்று நபிமொழி உண்டு. அது பிரிந்தவர்க்கு ஆறுதல். பிரியாமல் காக்கவேண்டியவர்க்கு அது சாக்காகாது.

நம் முன்னோர் இத்துறையை இழிவாகக் கருதியவர்களும் அல்லர். ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டின் பேரறிஞர் இப்னு கல்தூன், தம் முகத்திமாவில் கைத்தொழில்களை ஆராயும் பகுதியில் மருத்துவச்சியின் தொழிலுக்கென்று தனி அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். மருத்துவச்சிக்கு அரபியில் 'காபிலா' என்று பெயர். பெற்றுக்கொள்பவள் என்பது பொருள். தாய் கொடுக்கிறாள், இவள் ஏற்றுக்கொள்கிறாள் என்ற கருத்தில் அப்பெயர் அமைந்ததென விளக்குகிறார் அவர். தமிழிலோ மகப்பேறு என்கிறோம். இங்கே பெறுபவள் தாய். இரு மொழிகளும் ஒரே நிகழ்ச்சியை இரு பக்கத்திலிருந்து பார்ப்பது போலத் தோன்றும். தாயும் சேயும் படும் இன்னல்களை அறிவதில் மருத்துவச்சி தேர்ந்த மருத்துவனையும் விஞ்சுவாள் என்பதும் இப்னு கல்தூனின் கருத்து. அவருக்கு நான்கு நூற்றாண்டுகள் முன்பே குர்துபாவின் அறுவை மருத்துவர் அபுல் காசிம் ஸஹ்ராவி, கடினமான பேறுகளை மருத்துவச்சியர் கையாளும் முறையைத் தம் நூலில் எழுதிவைத்தார். 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனையில் பெண்களுக்குத் தனிப் பகுதி இருந்தது.

நம் கடற்கரைக்கே மீண்டு வருவோம். 1995இல் செசிலியா வான் ஹோலன் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞர் சென்னையிலும், சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த கானத்தூர் ரெட்டிக்குப்பத்திலும் தங்கி, ஏழைப் பெண்களின் பேறுகால அனுபவங்களைக் கேட்டெழுதினார். அவருடைய நூல் 2003இல் வெளிவந்தது. மருத்துவமனை வேண்டாம் என்றவர்களை அறியாமை என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடும் வழக்கத்தை அந்நூல் தகர்க்கிறது. அப்பெண்கள் மருத்துவமனையின் பயனை அறிந்தே இருந்தார்கள். ஆனால் வலியில் கத்தினால் வசவும் அடியும் கிடைக்கும். பேற்றறைக்குள் தாயையோ தமக்கையையோ விடமாட்டார்கள். பிள்ளையைக் கையில் வாங்கப் பணியாளருக்குக் காசு தரவேண்டும், ஆண்பிள்ளையானால் கூடுதல். கேளாமலே கருத்தடைச் சாதனத்தை உள்ளே வைத்து அனுப்பிவிடுவார்கள் என்றெல்லாம் அவர்கள் சொன்னார்கள். இவற்றுக்கு அஞ்சியே பலர் வீட்டை நாடினார்கள். செலவும் தொலைவும் இல்லாமலில்லை. ஆனால் மானம் அவற்றைவிடப் பெரிதாக நின்றது.

அரசும் இதனைக் காலம் தாழ்ந்தேனும் உணர்ந்தது என்றே சொல்லவேண்டும். பேற்றறையில் உறவுப் பெண் ஒருத்தி துணையிருக்கலாம் என்னும் திட்டம் 2004இல் தமிழக அரசு மருத்துவமனைகளில் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர் முறைவைத்து இரவும் பகலும் இருக்கும் ஏற்பாடு வந்தது. அந்நிலையங்களிலேயே வளைகாப்பு நடத்தினார்கள். தாய்வீட்டுச் சடங்கையே மருத்துவர் கையில் எடுத்துக்கொண்டார்! 1987இல் 300 ரூபாயாகத் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகை, 2006இல் 6,000 ஆகவும் 2018இல் 18,000 ஆகவும் உயர்ந்தது. 2008இல் 108 ஊர்தி வந்தது. இவையெல்லாம் சேர்ந்து செய்ததைக் கணக்குகள் காட்டும். இலட்சம் பேறுகளுக்கு 2001-03இல் 134 தாய்மார் இறந்த தமிழகத்தில் 2018-20இல் அவ்வெண்ணிக்கை 54. நாடு முழுவதற்கும் அப்போது 97. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 2019-21இல் தமிழகத்துப் பேறுகளில் நூற்றுக்கு 99.6 மருத்துவமனைகளில் நிகழ்ந்தன.

அப்படியானால் காத்திருப்பு இல்லம் நமக்கெதற்கு என்று கேட்கலாம். மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையங்களில், மலைவாழ் பெண்கள் முன்கூட்டியே வந்து தங்கத் தமிழக அரசு பேறுகாலக் காத்திருப்பு அறைகளை அமைத்திருக்கிறது, உணவும் தருகிறது. ஊர்தி ஏறமுடியாத மலையூர்களுக்கு அது இன்றியமையாதது. சமவெளியில் அதற்கு வேலையில்லை என்று தோன்றும். அந்த முடிவுக்கு வருமுன், இவ்வில்லங்களைப் பயன்படுத்தும் பெண்களும் தவிர்க்கும் பெண்களும் வெளிநாடுகளில் சொன்னதைக் காணுதல் நன்று.

எத்தியோப்பியாவின் அத்தாத் மருத்துவமனையில் 1987 முதல் 2008 வரையுள்ள பதிவுகளை ஆராய்ந்தார்கள். காத்திருப்பு இல்லத்தில் தங்கிப் பெற்றவர்களுள் இலட்சத்துக்கு ஏறத்தாழ 90 பேர் இறந்தனர். நேரே வந்து சேர்ந்தவர்களுள் 1,300க்கும் மேல். இறந்து பிறந்த குழந்தைகள் முன்னவர்க்கு ஆயிரத்துக்கு 18 அளவு, பின்னவர்க்கு 191. நேரே வந்தவர்களில் பலர் நிலைமை முற்றியபின் தூக்கிவரப்பட்டவர்கள் ஆதலின், வேறுபாடு முழுவதையும் இல்லத்தின் கணக்கில் எழுதுவது முறையாகாது. அதில் பாதியை எழுதினாலும் பெரிதே. இவ்வளவு நன்மை இருந்தும் ஆப்பிரிக்க நாடுகளில் பல இல்லங்கள் நிரம்புவதில்லை. தானியமும் விறகும் கொண்டுவந்து தானே சமைத்துக்கொள்ள வேண்டும் என்றால், ஒன்பது மாத வயிற்றோடு எவள் வருவாள்? வீட்டில் விட்டுவரும் குழந்தைகளுக்குச் சோறிடுவது யார்? போகலாம் என்று முடிவு சொல்வது பெரும்பாலும் அவளல்லள், கணவனும் மாமியாரும். நாள் கணக்குச் சரியாகத் தெரியாவிட்டால் ஒரு வாரம் என்று வந்தவள் ஒரு மாதம் கிடக்க வேண்டிவரும். ஒரே கூடத்தில் பலர் படுக்கும் இடத்தில் மறைவு கிடையாது. இவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தால், தாய்வீட்டில் இருப்பதும் இந்த இல்லங்களில் இல்லாததும் எவையோ, அவையே தடைகளாகி நிற்பது தெரிகிறது.

முஸ்லிம் பெண்ணுக்கு மேலும் சில உண்டு. பேற்றுக்குப் பிந்திய நிஃபாஸ் நாட்களில் தொழுகை அவள் மீது கடமையில்லை. ஆனால் காத்திருக்கும் நாட்களில் ஐவேளையும் கடமை. ஒளுச் செய்யத் தண்ணீரும், முகமூடாமல் தொழ ஒரு மறைவான மூலையும் இல்லாத இடத்தில் பத்து நாள் தங்கச் சொன்னால் அவள் மனம் ஒப்பாது. சாப்பாடு ஹலாலானதா என்ற ஐயமும் வரும். பிள்ளை பிறந்ததும் காதில் பாங்கு சொல்ல வேண்டும். ஆண்களை உள்ளே விடாத மருத்துவமனைகளில், குழந்தையைத் தாழ்வாரம் வரை எடுத்துவந்து பாட்டனாரின் கையில் கொடுக்கும் செவிலியர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லர். ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தால் ஒரு குடும்பம் அடுத்த பேற்றுக்கும் அங்கேயே வரும். மர்யம் (அலை) அவர்களின் பேறுகாலத்தைத் திருமறை உரைக்கும் இடத்தை ஓதுவோர் அறிவர். சாய்ந்துகொள்ள மரம், காலடியில் நீரோடை, கைக்கெட்டும் பழம், மக்கள் கண்ணிலிருந்து ஒதுக்கம் என ஒரு தாய்க்கு வேண்டுவன அத்தனையும் அங்கே சொல்லப்பட்டிருக்கின்றன.

இனி, இந்தக் கடற்கரையில் காத்திருப்பு இல்லம் எவருக்கு வேண்டும் என்ற கேள்விக்கு வருவோம். தாய்வீடு உள்ளவளுக்கு வேண்டியதில்லை. அது இல்லாதவள் இருக்கிறாள். பெற்றோரை இழந்தவள், வீட்டார் ஒப்பாத திருமணம் செய்துகொண்டு உறவறுந்து நிற்பவள், கணவனை வளைகுடா நாட்டுக்கு அனுப்பிவிட்டு வாடகை அறையில் தனித்திருப்பவள் ஆகியோர் நம் ஜமாஅத் பதிவேடுகளிலேயே இருக்கிறார்கள். இவர்களைவிடப் பெருந்தொகையினர் வடக்கிலிருந்து வந்தவர்கள். பழைய மாமல்லபுரம் சாலையில் எழும் அடுக்குமாடிகளைக் கட்டுபவர்களும், செங்கற்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களின் செங்கல் சூளைகளில் மண் பிசைபவர்களும் ஒடிசா, பீகார் மாநிலங்களிலிருந்து குடும்பத்தோடு வருகிறார்கள். அவர்களின் பெண்டிருக்குத் தாய்வீடு ஆயிரம் கல் தொலைவில். விசித்திரம் என்னவென்றால், ஒடிசா அரசு தன் மலைப்பகுதிகளில் 'மா கிருஹ', அதாவது தாயின் இல்லம், என்ற பெயரிலேயே காத்திருப்பு இல்லங்களை நடத்துகிறது. அந்த இல்லம் அங்கே இருக்கிறது. அவள் இங்கே சூளையில் இருக்கிறாள்.

மாவட்டத் தலைமை மருத்துவமனையின் அருகில் இரண்டு மூன்று அறைகளும் ஓர் அடுப்பும், அவளோடு வரும் சிறு பிள்ளைகளைப் படுக்கவைக்க ஒரு திண்ணையும் இருந்தால் போதும் என்று சொல்லத் தோன்றும். வக்ஃபுச் சொத்துகள் உள்ள ஜமாஅத்துகளுக்கு இது எட்டாத காரியமுமன்று. ஆனால் அறை இருந்தாலும் அவள் வருவாள் என்பதற்கில்லை. சூளை வேலை ஆண்டின் தொடக்கத்திலிருந்து கோடை முடியும்வரை. ஊரிலிருந்து புறப்படும்போதே ஏஜெண்டிடம் முன்பணம் வாங்கியாயிற்று. கணவன், மனைவி, பிள்ளைகள் என்று குடும்பமாகக் கல் அறுத்தால்தான் அது கழியும். அவள் பத்து நாள் முன்னதாகப் போய்ப் படுத்தால் அந்தப் பத்து நாளின் கல் குறையும், கடன் நிற்கும். எனவே அறையைத் திறக்க விரும்புவோர் முதலில் போக வேண்டிய இடம் மருத்துவமனையன்று, சூளை முதலாளியின் கணக்கு மேசை. அங்கே அந்தப் பத்து நாளுக்கு ஒரு தொகை பேசி முடித்த பிறகே விரிப்பும் பாயும் வாங்க வேண்டும்.